சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சி

தேங்காய்ப்பால் மாப் பைக்கற்றின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார் சண்முகநாதன். கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது; ஆனால் பைக்கற்றைப் பிடிக்க ஒரு கை, வெட்ட ஒரு கை வேண்டுமே. இடக்கை மூன்று மாதமாகச் சால்வைக்குள் கிடக்கிறது.

பண்டத்தரிப்பில் யாரையும் கேட்டுப் பாருங்கள். கலியாணச் சமையல் என்றால் சண்முகநாதன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு விறகு பிளக்கப் போனவர். கிடாரம் கழுவினார், தேங்காய் திருவினார், கடைசியில் கரண்டி பிடித்தார். கைதூக்கி விட ஒருவரும் இருக்கவில்லை. "எண்ணூறு பேருக்கும் நான் உப்பு அளந்து போடுறேல்லை. ஆவி மணத்திலை தெரியும். படிச்சவங்கள் புத்தகத்தைப் பாத்துச் சமைக்கட்டும்" என்பார். சும்மா சொல்லவில்லை, செய்து காட்டியவர்.

மாசி மாதத்து ஒரு காலையில், முகம் கழுவும்போது அந்தக் கை தொங்கிப் போயிற்று. இலேசான பாரிசவாதம் என்றார் மானிப்பாய் வைத்தியர். ஊருக்குச் சண்முகநாதன் சொன்னது தோள் சுளுக்கு. கூடச் சமைக்கும் றஞ்சித்துக்கும் அதே சுளுக்குக் கதைதான். கிடாரம் தூக்க ஆட்கள் இருக்கிறார்கள், மணம் பார்க்கத்தான் ஆளில்லை என்பது அவர் கட்சி. ஆனால் வாதம் என்று தெரிந்தால் எந்த வீட்டார் வெற்றிலை வைத்துச் சமையலுக்கு அழைப்பார்கள்?

குளித்து உடுப்பு மாற்றுவதற்குள் அவருக்கு உடம்பு சோர்ந்துவிடுகிறது. தனி மனிதர் வேறு. ஆகவே விடியவே இரண்டு பிடி குறுணல் அரிசியைச் சூடு ஆறாத சுடுதண்ணிப் போத்தலில் போட்டு, கொதிநீர் ஊற்றி, போத்தலை முழங்கால்களுக்கு இடையில் நெரித்து மூடியைத் திருகி விடுவார். மத்தியானம் திறந்தால் கஞ்சி. முருங்கையிலை ஆய்வதும் இல்லை. முதல்நாளே கடதாசியில் சுற்றி வைத்தால் மறுநாள் உதறும்போது இலை தானாகக் கொட்டுகிறது. இன்னொரு நாள் பாணும் பருப்பும். அதுவும் முடியாத நாளில் ஒரு முட்டையை ஒற்றைக் கையால் சட்டி விளிம்பில் தட்டி உடைப்பார். அது அவருடைய பழைய வித்தை.

போன வியாழன் மத்தியானம் பைக்கற் பல்லில் இருக்கும்போதே படலை திறந்தது. உடுவில் நமசிவாயமும் மனைவி பத்மாசினியும். மகள் தாரிகாவின் கலியாணம், அறுநூறு பேர். சொல்லாமல் வந்துவிட்டார்கள். பத்மாசினியின் கையில் வெற்றிலைத் தட்டம், துணி போர்த்தியிருந்தது.

சண்முகநாதன் சால்வையை இழுத்துப் போர்த்தி, கதிரையைக் காலால் நகர்த்திக் கொடுத்தார். நமசிவாயம் நெளிந்தபடி விஷயத்தைச் சொன்னார். பட்டணத்தில் புதிதாகச் சமையல் தொடங்கிய ஆட்களும் இந்தக் கலியாணத்தைக் கேட்டிருக்கிறார்களாம். வெற்றிலை வைக்கமுதல் அண்ணையின் கையால் ஏதாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாம்.

வீட்டில் அன்றைய கஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. சண்முகநாதன் முதுகு காட்டி நின்று, போத்தலை முழங்காலில் நெரித்துத் திறந்து, கஞ்சியைச் சட்டியில் கவிழ்த்தார். இலை, பச்சை மிளகாய், கரைத்த மா, உப்பு. ஒரு கொதி. இறக்கித் தேசிக்காய் பிழிந்தார். ஒவ்வொரு கோப்பையாக, இரண்டு நடை நடந்து கொடுத்தார்.

நமசிவாயம் கோப்பையை வழித்துக் குடித்தார். பத்மாசினி குடித்தபடியே குசினியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"திருவலையிலை சிலந்தி வலை கட்டியிருக்கு, அண்ணை."

"தேங்காய் திருவாமலே ருசி காட்டுறவன்தான் சமையல்காரன், தங்கச்சி."

"ஓம். நல்லாத்தான் இருக்கு." பத்மாசினியின் கண் சால்வையில் நின்றது. "உந்தச் சுளுக்கு இன்னும் மாறேல்லையோ?"

நமசிவாயம் மனைவியை முறைத்தார். பத்மாசினி கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். அதையும் குடித்து முடித்தார். பிறகு எழுந்து துணியை எடுத்துவிட்டு, தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சண்முகநாதன் முன்னால் வந்து நின்றார்.

வெற்றிலைத் தட்டத்தை ஒற்றைக் கையால் வாங்கும் வழக்கம் இல்லை. வாங்கினால் கொடுத்தவரையும் அந்தக் கலியாணத்தையும் அவமதித்ததாகும். வாங்காமல் விட்டால், சுளுக்கு என்ற சொல்லோடு ஊரில் மரியாதையாவது மிஞ்சும்.

சண்முகநாதன் சால்வையைத் தோளிலிருந்து உருவிக் கதிரையில் போட்டார். வலக்கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். பிறகு அந்தக் கையை வலது உள்ளங்கையில் ஏந்தி, இரண்டையும் நீட்டினார்.