ஐம்பத்தெட்டு அல்ல, அறுபத்தொன்று

எங்கள் ராக்கெட்டை நாங்கள் தலைகீழாகத்தான் நிறுத்தினோம். மூக்கு தரையைப் பார்க்க, வால் வானத்தைப் பார்க்க. தெரியாமல் செய்த காரியமல்ல அது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கடைத்தெருவில் என்னைக் கண்டால், "டீச்சர் ராக்கெட்டு பாதாளத்துக்குப் போயிருச்சாமே" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் விவரம் தெரிந்தாவது சிரிக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. என் கணவர் இரும்புப் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டினார். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. "பிள்ளைக்குப் பதிலா வாணம் பண்றாக" என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் பேசியது காதில் விழுந்தது. எதற்கும் பதிலாக இல்லை. கேரளக் கடற்கரையிலிருந்து ராக்கெட் விட்டதைப் பேப்பரில் படித்தோம், எங்களுக்கும் ஒன்று செய்ய ஆசை வந்தது, செய்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சீட்டாடுகிறவனை யாராவது ஏன் ஆடுகிறாய் என்று கேட்கிறார்களா?

என் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தது அது. பட்டறை முதலாளி வேலை நேரம் முடிந்ததும் லேத்தைத் தொட அனுமதித்தார். என் கணவர் தகட்டை வளைத்துக் குழாயாக்கி, மூன்று இறக்கைகளை ரிவெட் அடித்து, வாலில் தீ வெளியே வரும் வாயை முழு இரும்பிலிருந்து கடைந்து எடுத்தார். வாய் ஒரு நூல் கோணினாலும் ராக்கெட் கோணும் என்று நான் படித்துச் சொன்னேன். அவர் அதைக் கடைந்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, பிடிக்காமல் தூக்கிப் போட்டு, மறுபடி கடைந்தார். எட்டு மாதம். அதுவும் ஒன்றல்ல, இரண்டு செய்தார். ஒன்று கட்டிப்போட்டுப் பற்றவைத்து எவ்வளவு தள்ளுகிறது என்று அளக்க, மற்றது விட.

மருந்தை நாங்கள் தொடவில்லை. கோயில் திருவிழாக்களுக்கு வாணம் செய்கிற, லைசென்ஸ் உள்ள ஒருவர்தான் இரண்டிலும் அடைத்துத் தந்தார். தந்துவிட்டு, "இத்தோட சரி டீச்சர். இம்மாம் பெரிய குழாய்ல அடைக்கிறதுக்குள்ள எனக்குக் கை நடுங்கிப் போச்சு. மூணாவதுன்னு என் வீட்டு வாசலுக்கு வராதீக" என்று கும்பிட்டார். அதனால் எங்களிடம் இருந்தது இரண்டே இரண்டு.

விடுவதற்கு அனுமதி வேண்டும் என்று நானே மனு எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. ராக்கெட் தன் எடையைப் போல ஐந்து மடங்கு தள்ளினால்தான் நேராக ஏறும், குறைந்தால் சாய்ந்து எங்காவது ஊருக்குள் விழும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அதையும் மனுவில் எழுதி, அந்த அளவு வராவிட்டால் விடமாட்டோம் என்று உறுதிமொழியும் சேர்த்தேன். டீச்சர் புத்தி. எங்கள் ராக்கெட் பட்டறைத் தராசில் சரியாகப் பன்னிரண்டு கிலோ. ஆக அறுபது கிலோ தள்ள வேண்டும். அந்தச் சுருக்கைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள் நானேதான்.

மாசி மாதம், சிறுமலை அடிவாரத்தில் ஒரு குளம் வற்றிக் கிடந்தது. காற்று கிளம்புவதற்கு முன், காலையிலேயே முடித்துவிடலாம் என்று ஏழு மணிக்குப் போனோம். எங்களுக்கு முன்னே ஊர் போயிருந்தது. தூக்குச் சட்டியோடு குடும்பம் குடும்பமாகக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேர்க்கடலை விற்கிறவர்கூட வந்திருந்தார். மனுவை விசாரிக்க வந்த அதிகாரி ஜீப்பை வேலமரத்து நிழலில் விட்டுவிட்டு, நாற்காலியும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

குளத்து நடுவில் இரும்புச் சட்டம் அடித்து, அதற்குள் ராக்கெட்டைத் தலைகீழாக நிறுத்தியிருந்தோம். மூக்குக்கு அடியில் தராசு. வெங்காய மண்டியில் இரவல் வாங்கிய புதுத் தராசு அது. மேலே தட்டு, முகப்பில் தாம்பாளம் அளவுக்கு வட்டமும் முள்ளும். தீ மேல்நோக்கிப் போகும்போது ராக்கெட் கீழ்நோக்கித் தட்டை அமுக்கும், எவ்வளவு அமுக்குகிறது என்று முள் சொல்லும். ராக்கெட்டின் சொந்த எடை கணக்கில் சேராதபடி, அதைத் தட்டில் நிறுத்திய பிறகே முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருந்தோம். மொத்தம் நான்கைந்து நொடிதான் எரியும். அதற்குள் ஆடுகிற முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல என்னாலும் முடியாது, என் கணவராலும் முடியாது. அதனால் தராசோடு சேர்த்து மண்டியின் எடைக்காரரையும் அழைத்து வந்திருந்தோம். சேவுகம்பட்டிக்காரர். மூட்டை தட்டில் விழுந்து அடங்குவதற்குள் எடையைச் சொல்லிவிடுவார், தப்பாது என்று பெயர். மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னால், ஒரு சந்து விட்டு, அதன் வழியாக வட்டத்தைப் பார்க்கும்படி அவரை உட்கார வைத்தோம். பக்கத்தில் நான், நோட்டும் பென்சிலுமாக.

"ஏன்ப்பா, கட்டிப்போட்டாப் பறக்குமா?" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. இன்று பறக்காது, அளக்கத்தான் போகிறோம் என்று என் கணவர் போய் விளக்கினார். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! கட்டிப்போட்ட வாணத்தப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று பெரிய கூச்சல். ஒருவரும் எழுந்து போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பற்றவைத்தோம். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. தீ வெள்ளையாக நேரே மேலே நின்றது. இரும்புச் சட்டம் அதிர்ந்தது, அசையவில்லை. எடைக்காரர் மண்டியில் சொல்வதுபோலவே, அதே ராகத்தில், உரக்கச் சொன்னார்: "நாப்பத்தொண்ணு! அம்பத்தஞ்சு! அம்பத்தெட்டு! அம்பத்தெட்டு! முப்பது!" அணைந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு. பென்சில் என் கையில் நின்றுவிட்டது. இரண்டு கிலோ குறைவு. எட்டு மாதத்துக்கு இரண்டு கிலோ குறைவு.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "நீங்க எழுதின கணக்குப்படியே பத்தலையேம்மா" என்றார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவருடைய தாளில் ஐம்பத்தெட்டு என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. தராசில்தான் கோளாறு என்றேன். எடைக்காரர் முகம் செத்துப்போயிற்று. "என் தராசையா சொல்றீக? ஏன் டீச்சர், நாலு நாள் முந்தி முத்திரை போட்ட தராசு" என்றவர், சூடு ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை. என் கணவரை ராக்கெட்டைத் தூக்கச் சொல்லி, முள்ளைப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மண்டியிலிருந்து கொண்டுவந்த முத்திரைப் படிக்கற்களை எடுத்தார். இருபது கிலோவில் இரண்டு, பத்தில் ஒன்று. தட்டில் டொக்கு டொக்கென்று வைத்தார். முள்ளைப் பார்த்தார்.

"நாப்பத்தேழு" என்றார்.

நான் முள்ளைப் பார்த்தேன். அது ஐம்பதில் நின்றது. அதிகாரியும் பார்த்தார். என் கணவர் குனிந்து பார்த்தார். எடைக்காரர் மட்டும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"முள்ளு அம்பதுல நிக்குதே, அண்ணே" என்றார் என் கணவர்.

"ஆமா, அம்பது. கழிவு போக நாப்பத்தேழு." சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. சாக்குக்கு ஒரு கிலோ, மண்ணுக்கும் தோலுக்கும் இரண்டு. மூட்டைக்கு மூன்று கிலோ கழித்துச் சொல்வது மண்டி வழக்கம். இருபத்தைந்து வருடமாக வீசையிலும் மணங்கிலும், பிறகு கிலோவிலும் அப்படிக் கழித்தே சொன்ன வாய். "கண்ணு பாக்கும்போதே வாய் கழிச்சிருது டீச்சர். ராக்கெட்டுக்குச் சாக்கு ஏதுன்னு எனக்குத் தோணலையே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கரையில் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஐம்பத்தெட்டும் மூன்றும் அறுபத்தொன்று.

அதிகாரி சிரிக்கவில்லை. "நான் எழுதிட்டேன். அம்பத்தெட்டுன்னு அவர் சத்தமாச் சொன்னத இங்க இருக்கிற எல்லாரும் கேட்டிருக்காங்க. இப்ப மூணு கூட்டி எழுதினா, நாளைக்கு என்னைக் கேட்பாங்க" என்றார். நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பிறகு குரலை இறக்கி ஒரு வழி சொன்னார். ஐம்பத்தெட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். ராக்கெட் மனுவை அவர் தள்ளுபடி செய்துவிடுவார். அதோடு, திருவிழா வாணம் என்று புதிதாக ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருவார். "இன்னொண்ணு இருக்குல்ல? சாமி சப்பரம் வர்ற அன்னைக்கு விட்டுக்கங்க. வாணமோ ராக்கெட்டோ, மேல போனாச் சரிதானே?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சம்மதம் என்பது முகத்திலேயே தெரிந்தது. தான் கடைந்தது மேலே போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. தாளில் என்ன பெயர் போட்டால் என்ன?

எனக்கு அப்படி இல்லை. தப்பான எண்ணுக்குக் கீழே என் கையெழுத்தா? பள்ளியில் பிள்ளைகள் அளவெடுக்கும்போது ஒரு மில்லிமீட்டரைக் கூட்டிக் குறைத்து எழுதினால் நோட்டைத் தூக்கி வீசுகிறவள் நான். அறுபத்தொன்று தள்ளியதை ஐம்பத்தெட்டு என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலியாக ஒன்றை வாணமென்று பறக்கவிட வேண்டும். முடியாது என்றேன். வேறென்ன செய்வீர்கள் என்றார் அதிகாரி.

"அதையும் கட்டுங்க" என்றேன் என் கணவரிடம்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "டீச்சரம்மா, அது விடுறதுக்கு வச்சதுல்ல" என்று எடைக்காரர்தான் பதறினார். என் கணவர் எங்கள் வண்டியிலிருந்து இரண்டாவது ராக்கெட்டைத் தோளில் தூக்கி வந்தார். சட்டத்துக்குள் தலைகீழாக இறக்கி, முள்ளை மறுபடி பூஜ்யத்தில் நிறுத்தினார். திருகுகளை முறுக்கினார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை முறுக்கினார். அப்போதாவது நான் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இந்தத் தடவை சந்துக்கு முன்னால் அதிகாரியையே உட்காரச் சொன்னேன். "நீங்களே படிங்க சார். ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க." எடைக்காரர் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தார், கழித்துவிடக் கூடாது என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. மறுபடி அந்தச் சத்தம், அந்த வெள்ளைத் தீ. "அறுபத்திரண்டு!" என்று அதிகாரி கத்தினார். அந்த ஒரு நொடி அவர் அதிகாரியாக இல்லை, அதையும் நான் மறைக்கவில்லை. எடைக்காரர் துண்டை எடுத்துவிட்டு, "அறுபத்திரண்டேதான், கழிவு கிடையாது" என்றார்.

அதிகாரி பழைய எண்ணை அடித்து, புது எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். மறு வாரமே அனுமதி வந்தது. மூன்று மாதத்துக்குள் ராக்கெட் விட்டுக்கொள்ளலாம் என்று தட்டச்சு செய்த தாள். விடுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. வாணக்காரர் சொன்ன சொல்லில் நின்றார். ஒட்டன்சத்திரம் பக்கம் வேறொரு வாணக்காரரைத் தேடிப் போனோம்; "ஏனுங்க, வம்புங்க இது" என்று தின்பண்டம் கொடுத்து அனுப்பிவைத்தார். மூன்று மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு விதிகளும் இறுகிவிட்டன. ராக்கெட் பேச்சு எங்கள் வீட்டில் அத்தோடு நின்றது.

ஊர் விடவில்லை. கல்யாண வீடு, துக்க வீடு, எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் கணவரைப் பிடித்துக்கொள்வார். "ஏலே, கடைசில அது மேல போச்சா இல்லையா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார். "அறுபத்திரண்டு கிலோ தள்ளுச்சு. சர்க்கார் அதிகாரியே படிச்சாரு" என்பார். கேட்டவர் சிரித்தால் அவரும் சிரிப்பார். என்னை ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரே ஒரு முறை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. அது மலைக்குப் பின்னால் மறைகிறவரை கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலேயே, "ஒரு தடவ பாத்திருக்கலாம்" என்றார்.

நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதே குளமும் அதே தாளும் மறுபடி வந்தால் மறுபடியும் கட்டச் சொல்வேன். ஆனால் முதலில் அவரைக் கேட்டுவிட்டுச் சொல்வேன்.