துப்பறியும் கதைகளும் ஒரு நீலப் புடவையும்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடி மரியாதை அந்தப் புத்தகத்துக்குத்தான். பழைய காலத்துத் துப்பறியும் சிறுகதைகளை ஒன்றாகச் சேர்த்த தடித்த புத்தகம். கல்யாணமான புதிதில், குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் என் வீட்டுக்காரர் வாங்கினார். அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கராக இருந்து ரிடையர் ஆனவர் அவர்.

மழை மாதத்தில் இந்த மலையில் உப்பே தண்ணீராகிவிடும், புத்தகம் எந்த மூலைக்கு? பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் அதைத் துண்டில் சுற்றி ஃபேக்டரிக்கு எடுத்துப் போவார். பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடியில், சூடான காற்று வரும் மூலையில் வைத்துக் காய வைப்பார். "எலைய வாட்டச் சொன்னா இந்த மனுசன் கொலகாரன வாட்டறாரு" என்று அங்கே வேலை செய்த பெண்கள் சிரிப்பார்களாம். இன்றைக்கும் அதைத் திறந்தால் முதலில் இலை வாசம்தான் வரும்.

நான் படிப்பேன், அவர் கேட்பார். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட வேண்டும். யார் கொலைகாரன் என்று இரண்டு பேரும் சொன்ன பிறகுதான் மறுபடி திறக்கலாம். நான் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. கதையில் எவன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறானோ அவன்தான் எனக்குக் கொலைகாரன்.

"அட புள்ள, ஆள் மூஞ்சியப் பாக்காத. எந்தப் பொருள் இருக்கக் கூடாத எடத்துல இருக்குதுன்னு பாரு" என்பார்.

"ஆமா, உங்க தொப்பி நம்ம மெத்தை மேல இருக்குது. அதையும் கண்டுபுடிங்க" என்பேன். என் வாய் அப்படி.

புடவை விஷயத்திலும் நான் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. முதல் போனஸில் அவர் கோயமுத்தூர் போய் வாங்கி வந்த நீலப் பட்டுப் புடவை ஒன்று உண்டு. என் தங்கை ஒரு கல்யாணத்துக்கு இரவல் கேட்டாள். மாட்டேன் என்றுவிட்டேன். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள், நிறுத்தட்டும். "நீ கண்ண மூடுனாத்தான் புள்ள அந்தப் பொடவ இன்னொருத்தி மேல ஏறும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஞாபகம் போகத் தொடங்கியது. முதலில் குடையை மறந்தார். பிறகு கோத்தகிரி பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூர் டாக்டர், "போகப் போக முகம்கூட மறக்கும்மா" என்றார். எது வேண்டுமானாலும் போகட்டும், என்னை மட்டும் மறக்கக் கூடாது என்று வேண்டாத சாமி இல்லை.

அந்தப் புத்தகத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். கதைகளெல்லாம் மறந்துபோனதால் ஒவ்வொன்றும் அவருக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் கொலைகாரனைச் சரியாகப் பிடித்துவிடுவார்! மனுஷன் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, டீ கொண்டு போனபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "வாங்க அம்மிணி. எந்த ஊருங்க நீங்க?" என்றார். "உங்க ஊட்டுக்காரிங்க நானு!" என்று கத்தினேன். பயந்து சுவரோரம் ஒதுங்கினார்.

கத்தினால் வேலைக்கு ஆகாது, தடயம் வைக்க வேண்டும் என்று தோன்றியது. துப்பறிகிறவருக்கு வேறென்ன கொடுப்பது? மறுநாள் மத்தியானம் பெட்டியைத் திறந்து அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டேன். சர்க்கரை போடாமல், அவருக்குப் பிடித்த மாதிரி தூள் தூக்கலாக டீ போட்டேன். எதிரே உட்கார்ந்து ஒரு கதை படித்தேன். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் மூடினேன். கொலைகாரனைச் சரியாகச் சொன்னார்.

"இப்ப இன்னொண்ணு கண்டுபுடிங்க பாக்கலாம். உங்க முன்னால உக்காந்திருக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "கையில எண்ணெ தெறிச்ச தழும்பு. ரொம்ப வருசம் அடுப்படியில இருந்தவங்க. எனக்குச் சக்கர ஆவாதுன்னு கேக்காமயே தெரியுது. புஸ்தகத்த எங்க மூடணும்னும் தெரியுது."

"ம், சொல்லுங்க!" இதோ வந்துவிட்டார், வந்துவிட்டார் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் பார்வை புடவைக் கரையில் நின்றது. முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"இது எம் பொண்டாட்டி பொடவைங்க."

"ஆமாங்க! ஆமாங்க!"

"கூடப் பொறந்தவளுக்கே குடுக்காதவ அவ. அவ உசுரோட இருந்தா இது உங்க மேல வந்திருக்காதுங்க." முந்தானையைக் கையிலிருந்து விடவில்லை. "எப்பங்க போனா? எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"ஐயோ, நாந்தாங்க அது! நல்லாப் பாருங்க!"

என் தலையைப் பார்த்தார். "அவளுக்கு ஒரு நர கெடையாதுங்க. இந்த நேரத்துல வெளையாடாதீங்க அம்மிணி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தேம்பித் தேம்பி அழுதார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவர் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை. தடயத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்த முந்தானையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"நல்லவங்களா உங்க ஊட்டுக்காரம்மா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லவதானுங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்."

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டம் திட்டியிருப்பேன். அன்றைக்கு மறுபடி அவர் கண்ணைத் துடைத்தேன்.

அழுகை அடங்கியதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காரியமெல்லாம் மொறையா நடந்துச்சுங்களா?"

"நடந்துச்சுங்க" என்றேன்.