தண்ணீர் குடிக்காத பூங்கா

லாரியக்காவுக்குச் சந்தோஷம் வந்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, குரல் ஒன்றுதான். தெருமுனையில் போகிறவர்கூட நின்று திரும்பிப் பார்ப்பார். நகராட்சித் தண்ணீர் லாரியைப் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பதிவேடு தவிர வேறு யாரும் ஞாபகம் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு முன்னால் அவளும் குடத்தோடு அந்த லாரிக்காகக் காத்திருந்தவள்தான். ஒரு கோடையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல லாரி வரவில்லை. நான்காம் நாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே டிப்போவுக்கே போய்விட்டாள்.

"லாரி இருக்கும்மா, டிரைவர்தான் இல்ல" என்றார்கள்.

"அப்ப நான் ஓட்டட்டுமா?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்வி அவளுக்கே பிடித்துப்போய்விட்டது. கணவர் தையல்காரர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். விஷயத்தைச் சொன்னபோது மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே, "கால் எட்டுமா?" என்று மட்டும் கேட்டார். எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளத் தடிமனாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் பெரிய வண்டிக்கான லைசென்ஸ் கைக்கு வந்தது. டிப்போவில் முதல் வாரம் சிரித்தவர்கள், ஒரு குறுகிய சந்துக்குள் அவள் லாரியை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வருஷம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவுக்குத் தண்ணீர் விடும் வேலை வந்தது.

பூங்கா என்று சொல்வதற்கு அங்கே மிச்சம் இருந்தது இரண்டு இரும்புக் கதவும் சுற்றுச்சுவரும்தான். நாலு வருஷம் சாலை வேலையின் இடிபாடுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் அள்ளிவிட்டு, மேலே மண் பரப்பி, முந்நூறு கன்றுகள் நட்டார்கள். செத்தன. மறுபடி நட்டார்கள். அவையும் செத்தன. இப்போது மூன்றாம் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியக்கா வந்து ஹோஸைப் பிடித்தாள். ஆறாவது வாரம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

கன்றுகளைக் கொடுத்த நாற்றுப்பண்ணைக்காரம்மா விடியற்காலையிலேயே வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். குள்ளமான, கறாரான அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர்.

"உன் தண்ணியில என்ன கலந்திருக்கு? என் பிள்ளைங்க எல்லாம் சாகுது!"

"ஊர் முழுக்க இந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. யாரும் சாகலையே! உங்க செடிதான் சொத்தை!"

"என் செடியா சொத்தை? இந்தா, நீயே பாரு!"

வாக்குவாதம் முற்றி, அந்தம்மா ஒரு கன்றைப் பிடித்துப் பிடுங்கியே காட்டிவிட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். வேர் கீழே இறங்கவே இல்லை. ஒரு சாண் போய், அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பி, தட்டு மாதிரி வட்டமாகச் சுருண்டு கிடந்தது.

"எதையோ முட்டிக்கிட்டுத் திரும்பியிருக்கு" என்றார் நாற்றுக்காரம்மா. குரலில் சண்டை போய்விட்டிருந்தது.

லாரியக்காவுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த விஷயம்தான். தண்ணீர் விடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் பூங்காக் கதவுக்கு அடியில் ஓடை மாதிரி வழிந்து தெருவுக்குப் போகும். 'நிறைய விட்டுட்டோம் போல' என்று அவளாகவே வால்வை மூடிவிடுவாள். நிறைய விடவில்லை! மண் குடிக்கவே இல்லை!

ஓடிப்போய் லாரியிலிருந்து டயர் மாற்றும் இரும்புக் கம்பியை எடுத்து வந்து, பிடுங்கிய குழியில் ஓங்கிக் குத்தினாள். டங் என்றது. பத்தடி தள்ளிப் போய்க் குத்தினாள். டங். கம்பியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போனாள், மேற்கே போனாள். நாற்றுக்காரம்மா பின்னாலேயே சுண்ணாம்புப் பொடி டப்பாவோடு ஓடி, சத்தம் வந்த இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். ஒரு மணி நேரத்தில் பூங்காவுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

பூங்கா மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'பாக்கலாம் சார்'. எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. நல்ல மனிதர்தான். மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதென்றால்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவார்.

"அடியில தளம் எதுவும் இல்லம்மா. வரைபடத்துல இல்லவே இல்ல."

"வரைபடத்தை விடுங்க சார். நீங்களே ஒரு குத்து குத்துங்க."

"பாக்கலாம்..."

"இப்பவே பாக்கலாம்!" கம்பியை அவர் கையில் திணித்தாள்.

வேண்டாவெறுப்பாகக் குத்தினார். டங். புருவம் உயர்ந்தது. இன்னொரு இடத்தில் குத்தினார். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே பத்துப் பதினைந்து இடத்தில் குத்தினார். கடைசியில் மண்ணில் மண்டி போட்டு, கம்பியில் காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். எழுந்தபோது பேன்ட் முழங்காலில் மண், முகத்தில் புதுக்களை.

"எங்க ஆபீஸ்ல பெரியவர் ஒருத்தர் சொல்லுவார், ரொம்ப வருஷம் முன்னாடி இங்க பொருட்காட்சி நடந்ததுன்னு. அதுக்குப் போட்ட தளமா இருக்கும். உடைக்காமலே மேல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க போலிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "மூலையில, நாலடிக்கு நாலடி உடைச்சுப் பாருங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

நாலடிக்கு நாலடி போதும். ஆனால் அந்தத் தளத்தைக் கடப்பாரையால் தொட முடியாது. உடைக்கும் மெஷின் வேண்டும். ஊரில் அது கையில் இருந்தவர்களில் லாரியக்காவுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்: கணவரின் தம்பி. இரண்டு வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. வீடு மாறும்போது உதவிக்கு வந்தவர், அவளுடைய கண்ணாடி அலமாரியை மாடிப்படியில் உருட்டிவிட்டிருந்தார்.

லாரியின் படியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போட்டாள்.

"தம்பி, நான்தான்."

"அண்ணியா?" மறுமுனையில் பதற்றம். "அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கார். உங்க மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

"ஒண்ணை உடைக்கணும்."

"எதை அண்ணி?"

"ஒரு பூங்காவை."

"அலமாரியை உடைச்சதுக்கே ரெண்டு வருஷம் பேசலை. பூங்காவை உடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஒழுங்கா உடைச்சீங்கன்னா ஆயுசுக்கும் பேசுவேன். கிளம்பி வாங்க."

அரை மணியில் வந்து நின்றார் கொழுந்தன். ஆறடி உயரம், கதவில் இடித்துக்கொண்டே நுழையும் தோள். மெஷின் கடகடவென்று அலறியது. புழுதி எழும்பியது. பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கை அகலத் தடிமனுக்குக் காங்கிரீட், அதன் கீழே கொஞ்சம் மணல், அதன் கீழே...

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று நாற்றுக்காரம்மா குழிக்குள் இறங்கிவிட்டார்.

கறுப்பு மண். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தினார். உருண்டையாகப் பிடித்தது. மூக்கருகே கொண்டுபோனார். "இது சும்மா மண்ணு இல்லடி" என்றார் லாரியக்காவைப் பார்த்து. அந்த 'டி'யில் உரிமை வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. "யாரோ வருஷக்கணக்கா உரம் போட்டு வளர்த்த தோட்ட மண்ணு! இத்தனை நாளா மூச்சு விடாம கிடந்திருக்கு!"

லாரியக்கா ஹோஸை இழுத்து வந்து குழிக்குள் திருப்பினாள். தண்ணீர் நிறைந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு நடுவில் ஒரு குமிழி வந்தது. ஓரத்தில் ஒரு விரல் அளவு இறங்கியது. இன்னும் ஒரு விரல். பிறகு குபுகுபுவென்று குமிழிகள், தண்ணீர் கண் முன்னாலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"குடிக்குது! ஐயோ, குடிக்குதுங்க!"

லாரிக்கு ஓடி ஏறி ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். என்னவோ ஏதோ என்று இரண்டு கண்டக்டர்கள் சாலையைக் கடந்து ஓடி வந்தார்கள். மேற்பார்வையாளர் ஈரக்குழியைப் பார்த்தபடியே நின்றார். அவரிடம் யாரோ, "சார், மீதியையும்...?" என்று இழுத்தார்கள்.

"உடைக்கலாம்" என்றார்.

அன்று மத்தியானமே அவர் ஒரு கை மண்ணைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்குப் போனார். கடிதம் எழுதவில்லை, மேஜை மேல் மண்ணை வைத்துப் பேசினார். மழைக்காலத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் முடித்தால் சரி என்று உத்தரவு வந்தது.

அந்த மூன்று வாரம் லாரியக்கா கால் தரையில் பாவாமல் திரிந்தாள். காலையில் தெருக்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பதினொரு மணிக்கு லாரியைப் பூங்கா வாசலில் நிறுத்துவாள். கொழுந்தன் உடைக்க உடைக்க, காங்கிரீட் துண்டுகளைக் கை மாற்றிக் கொடுக்க வரிசை நின்றது. முதல் நாள் ஏழு பேர். நாலாம் நாள் நாற்பது. வேலை முடிந்த கண்டக்டர்கள், எதிர்க்கடை முடிதிருத்துபவர், பேருந்துக்கு நேரமிருக்கிறவர்கள். "என் பஸ் வந்தா சொல்லுங்க" என்று ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார். மூன்று பஸ் போன பிறகுதான் கிளம்பினார். நல்ல துண்டுகளை அடுக்கி நடைபாதைக்கு விளிம்பு கட்டினார்கள்.

பதினோராம் நாள், பூங்காவின் நடுவில் மெஷின் முனை திடீரென்று முழங்கை ஆழத்துக்குச் சொருகிக்கொண்டது. கொழுந்தன் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்வாங்கினார்.

"அண்ணி, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை!"

தோண்டிப் பார்த்தால் செங்கல். வளைந்து போகும் செங்கல் வரிசை. வளைவைத் தொட்டுக்கொண்டே மண்ணை விலக்கிக்கொண்டு போனார்கள். அது ஒரு முழு வட்டமாக வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தது. ஒன்பது தப்படி அகலத்தில் ஒரு குளம்! மண் போட்டு நிரப்பி, மேலே தளம் ஊற்றி, ஊரே மறந்துபோன குளம். நிரப்பியிருந்த மண்ணை அள்ளி எடுத்தபோது அடியில் களிமண் மெழுகியிருந்தது. லாரியக்கா அதற்குள் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுற்றினாள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சுவரில் சாய்ந்து நின்ற தையல்காரரும் தட்டினார். கடையைச் சாத்திவிட்டு அவர் வந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பட்டுப்போன கன்றுகளை எடுத்துவிட்டுப் புதுசாக முந்நூறு கன்றுகளின் நடுகை கடைசி ஐந்து நாளில் நடந்தது. நாற்றுக்காரம்மாவின் கறார் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. முழங்கால் ஆழத்துக்குக் குறைந்த குழியை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தானே உள்ளே காலை விட்டு அளந்தார். கன்றின் பையைக் கிழித்து, சுருண்ட வேரை விரலால் சிக்கெடுத்து விரித்த பிறகுதான் மண்ணில் வைக்க விட்டார். சுவரோரம் வேம்பும் புங்கமும், நடைபாதையில் மகிழம், கதவருகே செம்பருத்தியும் நந்தியாவட்டையும். மேற்பார்வையாளர் மூங்கில் குச்சி நட்டு ஒவ்வொன்றையும் தளர்வாகக் கட்டினார். இறுக்கிக் கட்டிய முதல் பத்தை அந்தம்மா அவிழ்க்க வைத்திருந்தார்.

கடைசிக் கன்று நட்ட மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. லாரியக்கா பாதி வழியில் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மேற்பார்வையாளர் குடையை மறந்து தொப்பலாக நனைந்து கதவருகே நின்றிருந்தார். இருவரும் கதவின் அடியையே பார்த்தார்கள். தெருவில் மழைத்தண்ணீர் கரைபுரண்டது. பூங்காவுக்குள்ளிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"சார், பாருங்க சார்!"

"பாக்கறேம்மா, பாக்கறேன்!" அவர் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்.

முந்நூறு கன்றில் அந்த மழைக்காலத்தில் போனது இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றை ஒரு மாடு தின்றது. நிரந்தரமாகப் பூங்கா வேலைக்கு வந்துவிடும்படி லாரியக்காவைக் கேட்டார்கள். "உட்கார்ந்து வேலை பாத்தாத்தான் எனக்கு உடம்பு நல்லா இருக்கும், அதுவும் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி" என்று மறுத்துவிட்டாள். ஆனால் வாரத்துக்கு மூன்று தடவையாவது அந்த வழியாகப் போகிற மாதிரி ஏதாவது ஒரு காரணம் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

மழை நின்று ஒரு மாதம் கழித்து நாற்றுக்காரம்மா போன் செய்தார். "உடனே வா. உன் கொழுந்தனையும் கூட்டிட்டு வா." வேறெதுவும் சொல்லவில்லை. என்ன ஆச்சோ என்று அடித்துப்பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தம்மா குளத்தின் செங்கல் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெற்றியில் ஏற்றிய கண்ணாடியை மடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"அதோ, அங்க பாரு."

குளத்தில் மழை நிறைத்து, கலங்கல் தெளிந்த தண்ணீரின் மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்ட இலை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மூன்றாவது இன்னும் விரியாமல் சுருள் பிடித்து எட்டிப் பார்த்தது.

"யாரு நட்டது?" என்றாள் லாரியக்கா. அவளுக்கே கேட்காத அளவுக்குக் குரல் இறங்கியிருந்தது.

"யாரும் நடலை. தாமரை. அதோட விதைக்கு ஓடு கல்லு மாதிரி. எத்தனை வருஷமானாலும் சேத்துல அப்படியே கிடக்கும். அந்த ஓட்டுல எங்கயாவது ஒரு கீறல் விழுந்தாத்தான் தண்ணி உள்ள போய் முளைக்கும். இவரு மெஷினை விட்டுக் கிண்டினாரே, அதுல விழுந்திருக்கும்."

கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கேட்டீங்களா அண்ணி? நான்தான்!"

"கேட்டேன் தம்பி, கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே லாரியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாலாவது இலை எங்காவது தெரிகிறதா என்று பார்ப்பதற்காக முழங்கால் தண்ணீரில் மெதுவாக இறங்கினாள்.