முழங்கைக்குக் கீழே ஒரு சிவப்புக் கார்

சித்தி வீட்டுச் சுவரில், சந்தன மாலைக்குள் இருந்த சித்தப்பாவின் படத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. அவருடைய வலது முழங்கை எதன்மேலும் ஊன்றாமல் அந்தரத்தில் நின்றது. உடம்பு மெல்ல வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு கால் மற்றதன்மேல் குறுக்காகப் போயிருக்கும். முகத்தில் உலகத்தையே விலைக்கு வாங்கிவிட்டவரின் சிரிப்பு. ஆனால் சாய்ந்துகொள்ளத்தான் அங்கே எதுவும் இல்லை. உற்றுப் பார்த்தால் சட்டத்தின் ஓரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு தெரியும். துக்கம் விசாரிக்க வந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம், சித்தப்பா இதோ விழப்போகிறார், ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும் என்று மனம் பதறும்.

அங்கே வெட்டி எடுக்கப்பட்டது ஒரு கார். வெட்டச் சொன்னவர் சித்தி. சித்தப்பா இறந்தபோது சுவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஊரில் எல்லோரையும் படமெடுத்த மனிதருக்குத் தன்னுடைய படம் என்று சொல்ல ஒழுங்காக ஒன்றும் இல்லை. இருந்தவை எல்லாம் வதிவிட அனுமதி அட்டைக்கு எடுத்த, பயந்த முகங்கள். கடைசியில் சித்தி, கல்யாணம் பேசும்போது தனக்கு யாழ்ப்பாணத்துக்கு வந்த படத்தை எடுத்துவந்து என்னிடம் தந்தார். "இந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் நான் ஓம் எண்டனான். இதையே பெருப்பிச்சுப் போடுவம்" என்றார். பிறகு சற்று யோசித்து, "கார் வேண்டாம், பிள்ளை. அதை வெட்டிவிடச் சொல்லு" என்றார்.

சுவிஸில், வில் நகரத்துக்கு அடுத்த ஸ்டேஷனில் இருக்கும் சின்னப் பட்டணம் எங்களுடையது. அதன் நடுவே ஒரு சதுக்கம். சதுக்கத்தில் ஒரு கல் நீரூற்று, அதற்கு நிழலாக ஒரு பெரிய லிண்டன் மரம், எதிரே தபாற்கந்தோர். நாங்கள் மறுபக்கத்தில், பாண் சுடும் ஒரு வெதுப்பகத்தின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. என் சிறுவயதுச் சனிக்கிழமைகளை நினைத்தால் முதலில் கேட்பது அந்த நீரூற்றின் ஓசைதான். பிறகு பாண் வாசம் வரும். அதன் பிறகு வெயில் மெல்ல மெல்லச் சதுக்கத்தின்மேல் விரியும், அந்த வெயிலுக்குள் ஒரு சிவப்புக் கார் நிற்கும். இவற்றில் எது நான் கண்டது, எது படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் வந்து குடியேறியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

சித்தப்பா வில்லில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத காலம் அது. கையில் காசு சேர்ந்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு கமரா. அந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, சனிக்கிழமை மத்தியானங்களில் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் ரயிலேறி வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். நன்றாக இருக்கிறேன், அழவேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லும் படம். அதற்கு ஒரு கார் பக்கத்தில் நின்றால் நல்லது. சித்தப்பாவின் பழுப்பு நிறத் தோல்கோட்டை ஒருவர் கழற்ற மற்றவர் போடுவார். நெட்டையருக்கு அது கட்டையாகவும் மெலிந்தவருக்குத் தொளதொளவென்றும் இருக்கும். கோட்டும் காரும் மாறாது, ஆட்கள்தான் மாறுவார்கள். சுவிஸில் போய் இறங்கிய உடனே அரசாங்கம் ஆளுக்கொரு சிவப்புக் கார் கொடுக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உலவியதாகப் பின்னாளில் சித்தி சொல்வார்.

அந்தக் கார் தபாற்கந்தோரின் முன்மேசையில் உட்கார்ந்து தபால்களை வாங்குபவருடையது. எங்கள் வீட்டில் அவரைத் தபால் ஐயா என்போம். உயரமான மனிதர், சிரிப்பதில் கொஞ்சம் கஞ்சர். தபாற்கந்தோரின் மேல்மாடியிலேயே மனைவியோடு இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் தபாற்கந்தோர் பூட்டியிருக்கும். மேலே யன்னல் திரை மூடியிருக்கும். "மனுசன் சாப்பிட்டிட்டு நித்திரை கொள்ளுறவர் போல. அதாலதான் நாங்கள் தப்பினம்" என்று சித்தப்பா அப்பாவிடம் சொல்வது வழக்கம். தப்பினம் என்றாலும் அவருக்கு உள்ளூர உதறல்தான். பதில் வராத நேரத்தில் ஒருவர் பொலிசுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும் என்ற பயம். அதனால் வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். பலத்துக் கதைக்கக்கூடாது. கதவுப்பிடியைத் தொடக்கூடாது. காரில் கை வைக்கிறவர் கைக்குக் கீழே முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்துவிட்டுத்தான் வைக்கவேண்டும். தன்னுடைய படத்தை அப்பா எடுத்த அன்றும் அவர் தன் வெள்ளை லேஞ்சியை நாலாக மடித்துக் காரின் கூரையில் வைத்து, அதன்மேல்தான் முழங்கையை ஊன்றினார். நான் நீரூற்றுக் கட்டில் இருந்து பணிஸ் தின்றுகொண்டு அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதில் பெரிய வேடிக்கை, அந்தப் படங்களைக் கொழும்பு வழியாக யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப அதே தபால் ஐயாவிடம்தான் போகவேண்டும். அவருடைய காரை உறைக்குள் வைத்து ஒட்டி அவருடைய கையிலேயே கொடுக்கவேண்டும். சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார், பிள்ளையோடு வந்தவனைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற எண்ணமோ என்னவோ. தபால் ஐயா உறையை நிறுப்பார், முத்திரையைக் குத்துவார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, சனிக்கிழமை வெயில் அடிக்குமாம் என்பார். சில வாரம் மழையாம் என்பார். வேறொன்றும் பேசமாட்டார். "இந்தச் சனத்துக்குக் காலநிலையை விட்டால் கதைக்க வேறை ஒண்டும் இல்லை" என்று வெளியே வந்து, போன உயிர் திரும்பியவராகச் சித்தப்பா சிரிப்பார்.

சித்தி சூரிச்சில் வந்து இறங்கி, ரயிலில் எங்கள் ஊருக்கு வந்து, ஸ்டேஷன் வாசலில் நின்று முதலில் கேட்ட கேள்வி, "கார் எங்க?" என்பதுதான். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் யன்னலைத் திறந்து சதுக்கத்தைக் காட்டி, "அந்தா நிக்குது. ஆனா எங்கட இல்லை" என்றார். சித்தி வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக் காட்டினார், செல்லமாகவும், சில வேளை மெய்யாகவே நோகும்படியும். சித்தப்பாவுக்குக் கடைசிவரை கார் வாய்க்கவில்லை. ஓட்டவும் பழகவில்லை. தபால் ஐயா ஓய்வுபெற்று, தபாற்கந்தோரும் மூடப்பட்டு, அவர் காலமான பிறகும்கூடச் சித்தப்பா சதுக்கத்தைக் கடக்கும்போது கொஞ்சம் விரைவாகத்தான் நடப்பார்.

இந்தக் குளிர்காலத்தில், இப்போது லுசேர்ண் நகரில் இருக்கும் எனக்குப் பள்ளித்தோழி ஒருத்தி ஓர் அறிவித்தலை அனுப்பினாள். எங்கள் ஊர் நூலகத்தார் தேவாலய மண்டபத்தில் ஒரு பின்னேரம் பழைய படங்களைத் திரையில் காட்டி, ஊராரை நினைவுகளைப் பகிர அழைக்கிறார்கள். இந்த முறை சதுக்கத்தின் படங்கள் வேண்டுமாம். மரத்தைத் தறித்து, தபாற்கந்தோரை இடித்து, எல்லாம் மாறிப்போன பிறகு பார்த்தால் யாரிடமும் படம் இல்லை. எப்படி இருக்கும்? சொந்தத் தெருவை யாரும் படமெடுப்பதில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டவேண்டியவர்கள்தான் எடுப்பார்கள். சித்தியின் அலுமாரியில் சித்தப்பாவின் படங்கள் கட்டுக்கட்டாக இருப்பது எனக்குத் தெரியும். உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

"என்னத்துக்கு?" என்றார் சித்தி. "செத்த மனுசனை ஊர்ச்சனத்துக்கு முன்னால கொண்டுபோய்க் கள்ளனாக்கவோ?"

"சித்தப்பா ஒண்டும் களவெடுக்கேல்லையே, சித்தி. சாய்ஞ்சு நிண்டவர், அவ்வளவுதான்."

"மற்றவையின்ர காரில சாய்ஞ்சு நிண்டவர். அந்த மனுசன்ர பெஞ்சாதி இன்னும் இருக்கிறா, தெரியுமோ? உயிரோட இருக்கேக்க பயந்து பயந்து காப்பாத்தின மானம் அது. நான் விடமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. சித்தி காரை வெட்டியது வெட்கத்தினால் என்று நான் நினைத்திருந்தேன். அது காவல் என்று அன்றுதான் விளங்கியது. கடைசியில் கார் தெரியாத படங்கள் மட்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. நான் எதைக் காட்டுகிறேன் என்று பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னார்.

மண்டபத்தில் விளக்குகளைத் தணித்திருந்தார்கள். காப்பி வாசமும் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாசமும். நூலகத்து இளைஞர் ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டும் கமராவின் கீழ் வைக்க, சித்தப்பாவின் சனிக்கிழமைகள் சுவரளவுக்கு எழுந்தன. நீரூற்று, மரம், வெதுப்பகத்தின் பலகை, தோல்கோட்டுக்குள் யாரோ ஓர் இளைஞர். இருட்டில் கிழவர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் மரத்தைப் பார்த்து, இதில்தான் என் பல் உடைந்தது என்றார். எங்களைச் சுற்றி அந்த ஊர் மெல்ல மறுபடி கூடி வந்தது. நாங்களும் அதில் இருந்தோம் என்பது எனக்கே புதிதாகத் தெரிந்தது. அப்போது ஒரு படத்தின் மூலையில் கையகலத்துக்குச் சிவப்பாக ஏதோ மின்னியது. நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். முன்வரிசையில் ஒரு வயோதிப அம்மா எழுந்தார். தபால் ஐயாவின் மனைவி.

"அது எங்கள் கார்" என்றார் அவர். "அவருக்குக் கண் மங்கியபோது விற்றுவிட்டோம். அதன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. முழுதாகத் தெரியும் படம் யாரிடமாவது இருக்கிறதா?"

நான் சித்தியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. பஸ் அட்டை வைக்கும் உறைக்குள்ளிருந்து அந்தப் பழைய படத்தை, வெட்டாத முழுப்படத்தை, சித்தி எடுத்தார். அதை எப்போதும் கூடவே கொண்டுதிரிகிறார் என்பது எனக்கே தெரியாது. தானே முன்னால் நடந்துபோய் இளைஞரிடம் கொடுத்துவிட்டு, தன்னுடைய தட்டுத் தடுமாறும் ஜெர்மனில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் என் கணவர். கார் அவருடையது இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

சித்தப்பா திரையில் எழுந்தார், ஆளைவிடப் பெரிதாக. கோட்டு, சிரிப்பு, கார், முழங்கைக்குக் கீழே நாலாக மடித்த வெள்ளை லேஞ்சி. அந்த அம்மா லேஞ்சியைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார். பிறகு அவருடைய பார்வை மேலே போய் நின்றது. தபாற்கந்தோரின் மேல்மாடி யன்னலைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். இளைஞர் பெரிதாக்கினார். சின்னப் படத்தில் யாரும் கண்டிராத ஒன்று, திரைச்சீலையின் இடைவெளியில் மங்கலாகத் தெரிந்தது. ஒரு நெட்டை மனிதர், கையில் காப்பிக் கோப்பையோடு, கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரும் சிரிக்கிறார்.

அந்த அம்மா திரையைப் பார்த்தபடியே பேசினார். "சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் காரைக் கொட்டகையிலிருந்து எடுத்துச் சதுக்கத்தில் விடுவார். எங்கே போகிறோம் என்று கேட்பேன். எங்கேயும் இல்லை, அதற்குக் கொஞ்சம் வெயில் படட்டும் என்பார். பிறகு மேலே வந்து திரையைச் சாத்திவிட்டு அங்கேயே நிற்பார். தன் காரைத் தானே ரசிக்கிறார் என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்." திரைக்கு ஓரடி கிட்டப் போனார். "மழை நாளில் மட்டும் எடுக்கமாட்டார். பையன்கள் வரமாட்டார்கள் என்பார். எந்தப் பையன்கள் என்று நான் கேட்டதே இல்லை."

சித்திக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். நான் பக்கத்தில் போய் நின்று தமிழில் சொன்னேன். சனிக்கிழமை வெயில் அடிக்குமாம் என்று தலை நிமிராமல் முத்திரை குத்திய அந்த மனிதரின் கை என் கண்முன் வந்துகொண்டே இருந்தது. சித்தி கடைசிவரை கேட்டுவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இவர் இவ்வளவு காலமும் சும்மாதான் பயந்தவரோ?" என்றார். சிரித்தார், பிறகு அழுதார். தபால் ஐயாவின் மனைவி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே திரையின் வெளிச்சத்தில் நின்றார்கள்.

சென்ற வாரம் சித்தி வீட்டுக்குப் போனேன். சுவரில் பழைய சட்டம் இல்லை. புதிய சட்டம் அகலமானது, பக்கத்தில் இருந்த நாட்காட்டியை அதற்காகக் கழற்றியிருந்தார். சித்தப்பா, லேஞ்சி, சிவப்புக் கார், மேலே யன்னல், எல்லாம் முழுதாக இருந்தன. இதே படம் தபால் ஐயாவின் மனைவியின் வீட்டிலும் இருக்கிறதாம். சித்தப்பாவின் முழங்கை காரின்மேல் ஊன்றியிருந்தது. என் மனம் பதறவில்லை. சித்தி விளக்கைக் கொளுத்திவிட்டுச் சித்தப்பாவின் காலடியில் ஒரு பூவை வைத்தார். பிறகு எட்டி, சட்டத்தின் மேல் ஓரத்தில், யன்னலுக்கு நேரே இன்னொரு பூவைச் செருகினார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவருக்கும் ஒண்டு வைக்கத்தானே வேணும், பிள்ளை. எங்கட காரை வெயில்ல விட்ட மனுசன்."