கோரை நட்டவன் பட்ட பாடு

மலையடிவாரத்தில், அலிபிரி பக்கத்தில் ஒரு லாட்ஜ். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிணறு மாதிரி ஒரு முற்றம். வெயில் எட்டிப் பார்க்காது, ஏ.சி. தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். நான் போட்ட லான் புல் இரண்டு முறை அழுகியது. என் தலையில் இருக்கிற முடி அளவுக்குக்கூட அங்கே புல் இல்லை. நான் முழு வழுக்கை.

"இன்னொரு தபா செத்துச்சுனா பிளாஸ்டிக் புல்லுதான்" என்றார் ஓனர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. துடைப்பத்தால் பெருக்குகிற புல்லுக்குத் தோட்டக்காரன் எதற்கு?

கார்வேட்டிநகரம் வாய்க்காலோரம் நிழலில் குத்துக்குத்தாக நிற்கும் கோரையைக் கொண்டுவந்து நட்டேன். வயலில் கிழங்கு விட்டு ஓடுகிற கோரை அல்ல. இது நின்ற இடத்திலேயே தூர் கட்டும். ஈரம் போதும். நன்றாகப் பிடித்து, கரும்பச்சையாகச் சரிந்து நின்றது.

பிளாஸ்டிக் புல்லுக்கு அளவெடுப்பதா வேண்டாமா என்று ஓனர் பார்க்க வரும் நாள். காலையில் போனால் முற்றம் மொட்டை! கோரை முழுவதும் சாக்கடையோரம் குவிந்து கிடந்தது. ஹவுஸ்கீப்பிங் ராஜம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்தார்.

"அண்ணா, ஓனர் வர்றாருன்னு சுத்தம் பண்ணச் சொன்னாங்க. ஒரே கோரை மண்டிக்கினு கெடந்துச்சு. நாலு பேரும் குந்திக்கினு வேரோட புடுங்கிட்டோம். டீ வாங்கிக் குடு."

"அது நான் நட்டதும்மா!"

"கோரையைப் போயி எவனாச்சும் நடுவானா? எங்க நைனா அத்தப் புடுங்கியே கூனிப்போனாரு!"

மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் குதித்தேன். "ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"இன்னாத்தக் கேக்கறது? பாத்தி இல்ல, கரை இல்ல. சும்மா கெடந்தா களைதானே?"

கோபம்தான் வந்தது. குவியலைப் புரட்டினேன். பழகிய கைகள், ஒரு வேர்கூட அறவில்லை. "புடுங்கின கையாலயே நடுங்க" என்று கத்தினேன். தூர் பிரித்து, செடியின் கழுத்து மண்ணில் புதையாமல், சாண் இடைவெளியில் ஐந்து பேரும் நட்டோம். சுற்றிலும் செங்கல்லைச் சாய்த்துக் கரை கட்டினேன்.

சாயங்காலம் ஓனர் டேப் பிடித்த ஆளோடு வந்தார். "பாகுந்தே! நல்லாருக்கே, பெங்களூர் சரக்கா?"

நான் வாய் திறக்குமுன் ராஜம்மா, "ஆமா சார், காஸ்ட்லி. நாங்க கைகூட வெக்கல" என்றார்.

டேப் ஆள் வெறும் கையோடு போனார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. பிளாஸ்டிக்கை யாரும் களை என்று சொல்வதில்லை. மண்ணில் முளைத்ததைத்தான் நீ யார் என்று கேட்கிறார்கள். தோட்ட வேலைக்கு வருகிறவர்களே, கோரை நட்டால் அன்றே கரை கட்டுங்கள். முடிந்தால் அங்கே பெருக்குகிறவர்களையே நடவுக்குக் கூப்பிடுங்கள். போன வாரம் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளப் போனேன். "யாருய்யா அது, செடியில கை வெக்கறது?" என்று ராஜம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.