தேரை நிறுத்தப் பார்த்த இன்ஜினியர்

எனக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை. ஒரு முறை மனைவியும் கப்பலில் கூடவே வந்திருந்தாள். கப்பல் சென்னையில் நின்றபோது, ஒரு நாள் லீவில் அல்சூர் தேர் பார்க்க இருவரும் பெங்களூர் வந்தோம்.

மாதக்கணக்கில் கடலில் ஆடிய கால்களுக்குத் தரையும் ஆடும். தேருக்கு முன்னால் நின்றவள் தலைசுற்றி விழுந்துவிட்டாள். சக்கரம் அவளை நோக்கி உருண்டது. நானோ நின்ற இடத்திலேயே, "ஸ்டாப் இன்ஜின்! ஸ்டாப் இன்ஜின்!" என்று கத்தினேன். கப்பலில் அப்படிச் சொன்னால் இன்ஜின் நின்றுவிடும்.

வடம் இழுத்த ஓர் அம்மா ஓடிவந்து அவளுடைய ஒரு கையைப் பிடித்தார். "யோவ், தேருக்கு ஏதுய்யா இன்ஜினு? பொண்டாட்டி கையப் புடிச்சி இழுய்யா!"

இழுத்தேன். முந்தானை மட்டும் கிழிந்து சக்கரத்தோடு போனது.

"யாருக்குங்க ஆர்டர் போட்டீங்க?" என்றாள் மனைவி.

ஆபத்தென்றால் முதலில் பாய்கிறவன் நான்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.