இரண்டு சீட்டு வண்டியும் என் அண்ணனும்

காரைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இன்னொரு சீட்டு யாருக்கு?" என்பதுதான்.

எங்கே வாங்கினாய், பழைய வண்டியா, எவ்வளவு ஓடியிருக்கிறது, எதையும் கேட்கவில்லை. துணி டாப்பை மடக்கி வைத்திருந்த அந்தச் சின்னப் பச்சை வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். டிரைவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கத்து சீட்டுக்கு மேல் குனிந்து, அங்கே யாரோ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி உற்றுப் பார்த்தான்.

"யாருக்கும் இல்லண்ணா. கம்பெனியே ரெண்டு சீட்டு தான் வச்சிருக்கான்."

"ம்" என்றான். அவனுடைய 'ம்'முக்குப் பல அர்த்தம் உண்டு. அன்றைக்கு அது நம்பவில்லை என்ற 'ம்'.

நான் பல் டாக்டர். பாண்டியில் கிளினிக், மரக்காணத்தில் வீடு. அப்பா விட்டுப்போன வீட்டின் முன்பாதியில் அண்ணன் குடும்பம், பின்பாதியில் தங்கை நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உப்பளம் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, பாகம் பிரிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்வது அவன். எனக்கு உப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது பல் ஈறுக்கு நல்லது என்பதும், இரும்புக்கு ஆகாது என்பதும்தான்.

வண்டியை விற்றவர் என்னிடம் பல் செட் கட்ட வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். இரும்பை என்ற கிராமத்தில் வெகுகாலம் குடியிருந்துவிட்டு, மகளிடம் போய்ச் சேரக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் ஆசைப்பட்டுக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் தருகிறேன் என்றார். அதுவே எனக்கு உறுத்தியது. இவ்வளவு சுலபமாக யாராவது ஒரு நல்ல வண்டியைக் கொடுப்பார்களா? அடியில் படுத்துப் பார்த்தேன். கதவைத் திறந்து திறந்து மூடினேன். டாப்பைக் கையால்தான் இழுத்து மாட்ட வேண்டும். கெட்டித் துணி, இரண்டு பக்கமும் இரும்புக் கீல், முன்னால் கொக்கி. பின் கண்ணாடிக்குப் பதிலாக இருந்த பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது.

"மழை வந்தா?" என்று கேட்டேன்.

"மழை வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்டணும்" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் ஓட்டிப் பார்த்தபின் எந்தச் சந்தேகமும் நிற்கவில்லை. சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அனுமந்தை தாண்டினால் வலப்பக்கம் கடல் காற்று, அப்புறம் கொஞ்ச தூரத்தில் உப்பளம். மற்ற கார்களில் போகும்போது பாத்திகள் கீழே எங்கோ கிடக்கும். இதில் வரப்புகள் என் தோள் உயரத்துக்கு வந்துவிடும். தேங்கிய நீரில் வானம் கிடப்பதும், குவித்த உப்பின் மேல் வெயில் அடிப்பதும், ஈரச் சேற்றின் வாடையும் எல்லாம் வண்டிக்குள்ளேயே வந்து ஏறிக்கொள்ளும். நாள் முழுக்க ஊராரின் வாயைத் திறந்து பார்க்கிற எனக்கு, அந்த அரை மணி நேரம் வேறு யாருடைய வாழ்க்கையோ போலிருந்தது.

ஊருக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஊர் அதை நம்பவில்லை. டீக்கடையில் இருப்பவர்கள் முதலில் என் இடப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். யாரும் இல்லை என்றால் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். அண்ணி ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "யாராவது இருந்தா சொல்லிடு. நாங்க என்ன வேணாம்னா சொல்லப் போறோம்" என்றாள். உப்பள ஓரமாக வண்டியை நிறுத்தினால் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். ஈசிஆர் ஓரத்து நிலமெல்லாம் கைமாறிக்கொண்டிருக்கிற காலம். ஒரு புதுக் கார் வந்து நின்று, இறங்கியவர் தூரத்தைப் பார்த்தால், அடுத்த மாதம் அங்கே வேலி வந்துவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

செக்போஸ்ட் கதை வேறு. பாண்டியிலிருந்து வரும் வண்டியை நிறுத்தி டிக்கியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கம்தான். பாண்டி நம்பர் என்றால் இன்னும் கொஞ்சம். ஆனால் என்னைத் தினமும் நிறுத்தினார்கள். முன்னால் போகிற வண்டியை விடுவார்கள், பின்னால் வருவதை விடுவார்கள், என் வண்டிக்குக் கை காட்டுவார்கள். வயசான ஏட்டு ஒருவர் வந்து டிக்கியைத் திறக்கச் சொல்வார். அதில் ஒரு ஸ்டெப்னி டயரும் என் சாப்பாட்டுப் பையும் தவிர எதற்கும் இடமில்லை. பார்த்துவிட்டு, "போங்க டாக்டர்" என்பார். கண்ணாடியில் பார்த்தால், நான் கிளம்பியதும் அவர் போனை எடுப்பது தெரியும்.

முதலில் அதைத் தற்செயல் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் டிக்கியை மூடிக்கொண்டே, "அண்ணன் நல்லாருக்காரா?" என்று கேட்டார்.

எனக்கு அண்ணன் இருப்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் கேட் அருகே நின்றுகொண்டிருந்தான். யோசித்துப் பார்த்தால், நான் வரும் நேரம் எப்படி மாறினாலும் கொஞ்ச நாளாக அவன் கேட் அருகேதான் நிற்கிறான். கிளினிக்கில் கூட்டம் என்று தாமதமாக வந்தாலும், சீக்கிரம் மூடிவிட்டு வந்தாலும், நான் திரும்புகிற நிமிடத்தில் அவன் அங்கே இருப்பான். இடப்பக்கத்தைப் பார்ப்பான். உள்ளே போய்விடுவான்.

இந்த நிலையில்தான் என்னோடு படித்த தோழியின் கணவர் பெங்களூரிலிருந்து வந்தார். பறவைகளைப் படம் பிடிக்கிறவர். உப்பளத்துப் பக்கம் பூநாரைகள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு, காட்ட முடியுமா என்று கேட்டார். கிளினிக்கை மதியம் மூடிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கேமரா, அதை நிறுத்த முக்காலி. வரப்பில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கையை நீட்டி நீட்டி ஏதோ கேட்டார். நானும் கையை நீட்டிப் பதில் சொன்னேன். எங்கள் பாத்திகளில் வேலை செய்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் பின்பாதிக்கு வந்தான். வழக்கமாக வராத இடம்.

"அந்த ஆளு கையை நீட்டி நீட்டி என்ன கேட்டான்?"

"பறவை எங்க இறங்கும்னு கேட்டார்."

"பறவை."

"ஆமா, பறவை."

"பாப்பா, விக்கிற யோசனை இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லு. மூணாம் மனுஷன் சொல்லி நான் தெரிஞ்சுக்கக் கூடாது."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. இன்னும் நான் அவனுக்குப் பாப்பா. கோபத்தில் அந்த வார்த்தைதான் அதிகம் குத்தியது. "நீ யார் யாரை வச்சு என்னென்ன தெரிஞ்சுக்குறனு எனக்கும் தெரியும்" என்றேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். முன்பாதிக்குத் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணி குழம்பு கொடுத்தனுப்புவதும் நின்றது.

என் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. திண்டிவனம் போய், பிரம்மதேசம் வழியாக மரக்காணம் வருவது. சுற்றுவழிதான். ஆனால் அந்தப் பாதையில் இருக்கிற செக்போஸ்டில் என் முகம் யாருக்கும் தெரியாது. நான் வந்து நிற்கும்போது அண்ணன் கேட்டில் இல்லையென்றால், ஏட்டு போன் செய்வது அவனுக்குத்தான் என்று முடிவாகிவிடும். யாரிடமும் சொல்லாமல், போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு மே மாத மதியம் கிளம்பினேன்.

பாண்டியில் நல்ல வெயில். டாப்பை மடக்கித்தான் வைத்திருந்தேன். திண்டிவனம் தாண்டியதும் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பிரம்மதேசம் நெருங்கும்போது முதல் தூறல். ஓரம் கட்டி டாப்பை இழுத்தேன். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இடப்பக்கத்துக் கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்தேன், தட்டினேன், அசையவில்லை. பின்னாலும் தள்ள முடியவில்லை. குடையை நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி அந்தத் துணி அந்தரத்தில் நின்றது. அப்போது கொட்ட ஆரம்பித்தது.

கோடை மழை. நின்று நிதானித்துப் பெய்யாது. ஒதுங்க ஒரு பஸ் நிழற்குடைகூடக் கண்ணில் படவில்லை. கதவுகள் மூடித்தான் இருந்தன, அதனால் உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போகவில்லை. பிரேக்கை மிதித்தால் செருப்பு தண்ணீரில் சளக் சளக் என்றது. எதிரே பைக்கில் கோணியைப் போர்த்திக்கொண்டு வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, என்னையும் வண்டியையும் பார்த்து, எதுவும் கேட்காமல் போய்விட்டார். என்ன கேட்பார், பாவம்.

நேரே உப்பளத்துக்குத்தான் போனேன். இப்படி மழை வந்தால் அண்ணன் அங்கேதான் இருப்பான். வாரிக் குவித்த உப்பு எல்லாம் வரப்பிலேயே கிடக்கும். தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்து, ஒவ்வொரு குவியலாகக் காப்பாற்ற வேண்டும். அந்த நேரத்தில் அவன் போடுகிற சத்தம் சாலைவரை கேட்கும்.

சத்தம் கேட்கவில்லை. வேலைக்காரர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாதிக் குவியல்கள் மூடியிருந்தன. மீதி மழையில் கரைந்து, கூர்மை போய், பாத்திக்குள்ளேயே வழிந்துகொண்டிருந்தன. அங்கே எப்போதும் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தார்ப்பாயை விட்டுவிட்டு வந்தாள்.

"டாக்டரம்மா, நீங்க இங்க இருக்கீங்க. அண்ணன் உங்கள தேடினு பாண்டி ரோட்டுல போயிருக்காரு."

"என்னை ஏன் தேடணும்?"

"யாரோ போன் பண்ணாங்க. வண்டி இன்னும் தாண்டலன்னு சொன்னாங்களாம். கிளினிக்குல கேட்டா நீங்க அப்பவே கிளம்பிட்டீங்கன்னாங்களாம். மழை வேற. அப்டியே போட்டுட்டு பைக்க எடுத்துனு போயிட்டாரு."

எனக்கு நிம்மதியாக இருந்ததா என்றால் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற ஒரு அற்பத் திருப்திதான் முதலில் வந்தது. அப்புறம் கரைகிற உப்பைப் பார்த்தேன். பையிலிருந்து போனை எடுத்தால் அது நனைந்து செத்துப்போயிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னபடி செய்தேன்.

மழை விட்டபின் அவன் வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு முதலில் வண்டியைப் பார்த்தான், பிறகு என்னை.

"எந்தப் பக்கம் வந்த?"

"பிரம்மதேசம் வழியா."

"ஏன்?"

"நீ ஆள் வச்சிருக்கியானு பாக்க."

பாத்தியைப் பார்த்துக்கொண்டு, "ஏட்டு எனக்குத் தெரிஞ்சவரு. நீ தாண்டினா ஒரு போன் பண்ணச் சொன்னேன். மேல மூடி இல்லாத வண்டி. லாரிக்காரன் கண்ணுக்கே தெரியாது. எனக்குப் பயமா இருக்குது" என்றான்.

"வெறும் பயம் தானா? சந்தேகம் இல்லையா?"

தலையைத் துவட்டக் கையில் எதுவும் இல்லாமல் கையாலேயே வழித்துக்கொண்டான்.

"ரெண்டும் தான்" என்றான். "பக்கத்துல யார் இருந்தாங்கன்னும் கேப்பேன்."

பொய் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே நம்பாமல் போயிருப்பேன். அவன் அப்படிச் சொன்னதால்தான் மேலே பேச முடிந்தது. விற்கிற எண்ணம் இல்லை என்று சொன்னேன். எப்போதாவது வந்தால் முதலில் உன்னிடம்தான் வருவேன் என்றேன். சரி என்றான். இருவரும் பழைய பெயின்ட் டப்பாவை வைத்து வண்டிக்குள்ளிருந்த தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினோம்.

கீல் இங்கே கிடைக்காது. பாண்டியில் ஒருவர் செய்து தருவதாகச் சொன்னார். வண்டியைக் கொண்டுபோன அன்று அண்ணனும் வருகிறேன் என்றான். அந்த வண்டியில் அவன் ஏறியது அன்றுதான் முதல் முறை. உயரமானவன், முட்டி இரண்டும் டேஷ்போர்டில் இடித்தன. கதவின் கைப்பிடியை விடவேயில்லை. ஊரைக் கடக்கும்வரை எல்லாரும் பார்ப்பார்களே என்று தலையைக் குனிந்திருந்தான். அனுமந்தை வந்ததும் நிமிர்ந்தான். காற்று அவன் வேட்டியைப் பிடித்து உலுக்கியது. நான் கொஞ்சம் வேகம் எடுத்தேன். அவன் சிரித்தானோ, காற்றுக்கு முகத்தைச் சுளித்தானோ, தெரியவில்லை.

அப்போது என் பக்கம் சாய்ந்து சத்தமாகச் சொன்னான்: "போன வருஷம் என்கிட்ட ஒருத்தன் வந்தான்."

"எதுக்கு?"

"உப்பளத்தக் கேட்டு. ரெண்டு தடவ வந்தான். நான் உக்கார வச்சுப் பேசினேன்."

காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப்போனது.

"என்ன சொன்ன?"

"வேணாம்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பஸ் எழுப்பிய புழுதியும் காற்றும் சேர்ந்து அடித்தன. அவன் காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டான். நான் மறுபடி கேட்கவில்லை. கியரை மாற்றிக்கொண்டு ஓட்டினேன்.